ஒரு நாள் கண்டிப்பா வா

கோரி ரஸ்டாட்டின் விசிட்டிங் கார்டில் ‘சர்வதேச விற்பனை மேலாளர்’ என்று போட்டிருந்தது. நல்ல நீல எழுத்து, ஓரத்தில் பொடிசாக ஓர் உலக உருண்டை. அந்த உருண்டையில் அவன் வேலை நிமித்தமாகக் கால் வைத்த இடம் ஒன்றே ஒன்று, கனடாவின் வின்னிபெக். அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவிலிருந்து காலையில் காபியோடு காரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். எல்லையில் நிற்கிற காவலருக்கு அவனுடைய நாயின் பெயர்கூடத் தெரியும். ‘பாஸ்போர்ட்டைக் காட்டு’ என்று கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்காகப் பனிக்கட்டியில் ஓட்டை போடும் எந்திரம் செய்கிற டிம்பர்பே கம்பெனியில் அவன் இருந்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்று மூன்று கடைக்காரர்கள். மூவரோடும் பேசுவது ஹாக்கி.

இதற்காகத்தான் ஆல்ம்ஸ்டெட் கல்லூரியில் நான்கு வருஷம் பன்னாட்டு மேலாண்மை படித்தான்.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டால் கோரிக்கே சரியான பதில் கிடையாது. கணக்கியலுக்குக் கூட்டம் அதிகம். சந்தைப்படுத்தல் படித்தால் வாயாட வேண்டும், அது ரஸ்டாட் பரம்பரையில் இல்லை. கல்லூரிக் கையேட்டில் பன்னாட்டு மேலாண்மைக்குப் போட்டிருந்த படத்தில் ஓர் இளைஞன் கோட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஏதோ ஒரு விமான நிலையத்தில் நடந்து போனான். அந்த நடை கோரிக்குப் பிடித்துவிட்டது. அவன் அப்பா டுவேன், வசந்தத்தில் ஏரியோரத்து வீடுகளுக்குக் கழற்றி மாட்டும் படகுத்துறையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, இலையுதிர்ந்ததும் அதையே கரையேற்றுகிறவர். மகன் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

“இன்டர்நேஷனல்னா, கனடாவா?”

அன்றைக்குக் கோரி சிரித்தான். பிற்காலத்தில் வின்னிபெக் சாலையில் அந்தக் கேள்வி அவ்வப்போது முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படிப்பு அவனுக்கு நன்றாகவே வந்தது. எந்த நாட்டில் குனிந்து வணங்க வேண்டும், எங்கே கார்டை இரண்டு கையால் வாங்க வேண்டும், யார் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், யாருக்கு நேரம் என்பது ஒரு பேச்சுக்கு என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தார்கள். மனிதர்களை நாடு வாரியாகப் பிரித்து மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். பேராசிரியர் ஸ்டென்ஸ்ருட் அதைப் பலசரக்குக் கடைக்காரர் போல வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். பாடப்புத்தகத்தில் அமெரிக்காவுக்கும் அரைப் பக்கம் இருந்தது: ‘அமெரிக்கர்கள் மனதில் உள்ளதை ஒளிவுமறைவின்றி நேரடியாகச் சொல்லிவிடுவார்கள்.’ எழுதிய மகானுபாவர் மினசோட்டா வழியாக ரயிலில்கூடப் போனதில்லை என்பது தெளிவு. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அது சுத்தப் பொய் என்று தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்திருந்தால் புத்தகம் உண்மையாகிவிடும். கோரி அந்த வரியை மஞ்சள் மையால் பூசிக்கொண்டான். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினான்.

அவன் வளர்ந்த வீட்டில் ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்டால் ‘வேண்டாம், சிரமப்படாதீங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால் ‘சரி, இருந்தா அரைக் கோப்பை’. மூன்றாம் தடவை கேட்காதவர்கள் உண்மையில் கேட்கவே இல்லை என்று அர்த்தம். தேவாலய விருந்தில் தட்டில் மிஞ்சுகிற கடைசித் துண்டை யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் அதில் பாதியை வெட்டுவார், அடுத்தவர் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குப் போதுமான ஒரு துணுக்கு தட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அம்மா மார்லிஸுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் ‘வேற மாதிரி இருக்கு’ என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்கு ஊதா அடித்தபோது ‘வேற மாதிரி இருக்கு’. அத்தை மகள் மூன்றாம் கல்யாணம் செய்துகொண்டபோதும் அதேதான்.

விடைபெறும்போது ‘ஒரு நாள் கண்டிப்பா வீட்டுக்கு வாங்க’ என்பார்கள். அதற்கு ‘ஆமா, ஒரு நாள் கண்டிப்பா’ என்று பதில். பிறகு இரண்டு தரப்பும் நிம்மதியாக அவரவர் காரில் ஏறிக்கொள்ளும்.

இந்த ஊருக்குத்தான் துன்ஜாய் வந்து சேர்ந்தான்.

இரண்டாம் வருஷம் ‘பண்பாடு கடந்த மேலாண்மை’ என்றொரு பாடம். ஒவ்வொரு மாணவனும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவனோடு பழகி, அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். அதற்குப் பெயர் பண்பாட்டுத் துணை. கோரிக்குக் கிடைத்தவன், துருக்கியின் கிழக்குக் கோடியில் கார்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு வருஷப் படிப்புக்கு வந்திருந்த துன்ஜாய். ஒல்லி உடம்பு, அடர்த்தியான புருவம், எதையும் நேராகப் பார்க்கிற பார்வை. கோரி முதல் வேலையாக அவனுக்கு ஒரு கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்து, பனி என்றால் என்னவென்று பொறுமையாக விளக்கினான். துன்ஜாய் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

“எங்க ஊர் ஏரியும் குளிர்ல உறையும்,” என்றான் கடைசியில். “அது மேல குதிரை வண்டி ஓட்டுவோம்.”

“அப்படியா,” என்றான் கோரி, துருக்கியைப் பாலைவனம் என்றே நம்பிய ஒருவனின் மரியாதையோடு. பிறகு காதை எப்படி மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான்.

முதல் வாரத் தேவாலய விருந்திலேயே துன்ஜாய், ‘பூசணிப் பை’ என்கிற இனிப்புப் பலகாரத்தில் தட்டில் மிஞ்சிக் கிடந்த கடைசித் துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். கூடம் ஒரு கணம் நின்றது. கோரி தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பிறந்ததிலிருந்து எத்தனை கடைசித் துண்டுகளை அவன் ஏக்கத்தோடு பார்த்திருக்கிறான்!

மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய பழக்கம் அவனை அறியாமலே ஒட்டிக்கொண்டது. துன்ஜாய் அறையில் சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகத் தேநீரை உறிஞ்சிக் குடிப்பார்கள். கோரிக்கு முதல் நாள் சட்டையெல்லாம் தேநீர். துன்ஜாய் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். ‘பல்லுக்குச் சும்மா ஒரு வேலை குடுடா, கடிச்சு நொறுக்காத’ என்று துன்ஜாய் சொல்லித் தந்தான். பேச்சு எங்கெங்கோ போகும். தன் ஊர்க்காரர்கள் விருந்துக்கு அழைக்கிற விதத்தைத் துன்ஜாய் சொல்லச் சொல்ல, கோரி குறித்துக்கொண்டான். அதுவே கட்டுரையாயிற்று: வாயால் ஒருவரை அழைத்துவிட்டால் அவர் அந்தக் கணமே பாதி வீட்டுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம். அழைத்தவர் மறந்தால் அவமானம் அழைத்தவருக்கு, வராவிட்டால் வராதவருக்கு. பேராசிரியர் ஸ்டென்ஸ்ருட் கட்டுரையின் தலையில் ‘அருமையான புரிதல்’ என்று எழுதி, உயர்ந்த மதிப்பெண் போட்டார்.

அருமையான புரிதல்தான். நவம்பர் ஆரம்பத்தில் கடைக்குப் போய்த் திரும்பும்போது, விடுதி வாசலில் காரை நிறுத்தி, விடைபெறுகிற வாக்கில் கோரி சொன்னான்:

“தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எங்க வீட்டுக்கு வந்துடேன். அம்மா சந்தோஷப்படுவாங்க.”

“வர்றேன்,” என்றான் துன்ஜாய்.

கோரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையிலேயே ‘வர்றேன்’ என்று சொன்ன ஒரு மனிதனை அவன் கண்டதில்லை. இரண்டு ‘வேண்டாம்’ வந்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தானே அழைத்தவன் தப்பிக்கவோ உறுதிப்படுத்தவோ முடியும். இங்கே படியே இல்லாமல் நேராக மாடிக்கு வந்துவிட்டான் ஒருவன்.

“ம்… நல்லது,” என்றான் கோரி. நாளோ நேரமோ சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டு, சுற்றிவளைத்து, இப்படி ஒரு பையன் இருக்கிறான், துருக்கிக்காரன், விடுமுறைக்குப் போக இடமில்லாதவன் என்று சொன்னான். 

“ஓ,” என்றாள் மார்லிஸ். “வேற மாதிரி இருக்கும்.”

சித்தப்பா குடும்பமும் வருகிறது, நாற்காலி பார்க்க வேண்டும் என்றாள். பிறகு, உனக்கு விருப்பம் என்றால் அழைத்து வா என்றாள். கோரி அந்த மொழியில் பிறந்தவன். அதை மொழிபெயர்க்க அவனுக்கு அகராதி தேவைப்படவில்லை. வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான். துன்ஜாயிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. நாளை சொல்லலாம் என்று இருந்தான். நாளைக்கு நாளை.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய நாள், பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். மதியத்தோடு வகுப்பு முடிந்து எல்லோரும் ஓடினார்கள். கோரியின் காரில் அதே திசைக்காரன் ஒருவன், ட்ராய் என்பவன், ஏறிக்கொண்டான். விடுதியைக் கடக்கும்போது முன்வாசல் கண்ணாடிக்குப் பின்னால் துன்ஜாய் உட்கார்ந்திருந்தான். முடி வெட்டியிருந்தான். கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டிருந்தான். காலுக்கிடையில் பை, மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு டப்பா. கோரியின் காரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

கோரி கையை உயர்த்தி ஆட்டினான்.

துன்ஜாயும் கையை உயர்த்தினான். கார் நிற்கப்போகிறது என்று நினைத்திருப்பான்; பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கார் போய்க்கொண்டே இருந்தது.

“யாரது?” என்றான் ட்ராய்.

“என்னோட பண்பாட்டுத் துணை.”

“எங்க போறான்?”

“யாராவது கூப்பிட்டிருப்பாங்க,” என்றான் கோரி.

இந்த ஒரு வாக்கியத்தை அவன் இருபது வருஷத்துக்கு மேலாகச் சுமக்கிறான். அது ஒரு கெட்டவன் சொல்கிற வாக்கியமாகக்கூட இல்லையே என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திருந்தித் தொலைக்கலாம்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் விடுதிக் காப்பாளர் வெர்னா, யாரையும் குறை சொல்லாத குரலில், அந்தத் துருக்கிப் பையன் இருட்டும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான், பாவம், என்றாள். பனியில் கார் மாட்டிக்கொண்டிருக்கும், வந்துவிடுவான் என்று அவளிடம் சொன்னானாம். சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்களாம். அவளிடம் இருந்த நூடுல்ஸைத்தான் இருவரும் சாப்பிட்டார்களாம். வேறு மாதிரி ஒரு தேங்க்ஸ்கிவிங் என்று முடித்தாள்.

கோரி மாடியேறிப் போனான். துன்ஜாய் கெட்டிலை வைத்தான். லீவு எப்படி என்று கோரி கேட்க, அமைதியாக இருந்தது என்றான். செய்தித்தாள் சுற்றிய டப்பாவை எடுத்து நீட்டினான். எங்கள் ஊர்த் தேன், உன் அம்மாவுக்கு என்றான். கோபம் ஏதும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கோரிக்கு அதைச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்தில் ‘முரண்பாடுகளைத் தீர்த்தல்’ என்று தனி அத்தியாயமே இருந்தது.

மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டால் நடந்தது நடந்ததாகிவிடும்.

“அடுத்த தடவை கண்டிப்பா,” என்றான் கோரி.

துன்ஜாய் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். புதிய பாடம் ஒன்றின் முதல் வரியைப் படிக்கிறவன் மாதிரி.

வசந்தத்தில் ஊருக்குக் கிளம்பும்போது துன்ஜாய் அழைத்தான். நாளோடு அழைத்தான். அடுத்த ஜனவரியில் வா, ஏரி கெட்டியாக இருக்கும். முதல் பனி விழுந்ததும் எங்கள் ஊரில் வாத்து அறுப்பார்கள், அம்மா உனக்கென்று ஒன்று எடுத்து வைப்பாள் என்றான். கோரியின் பட்டத்துக்கு ஒரு பருவம் வெளிநாட்டில் படித்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. துருக்கியில் ஒரு கல்லூரி பட்டியலில் இருந்தது. கோரி அந்த ஜனவரியில் டப்ளினுக்குப் போனான். காரணம், ஆல்ம்ஸ்டெட்டிலிருந்து ஒரு பட்டாளமே டப்ளினுக்குப் போனது. ஒரு பருவம் முழுக்க மினசோட்டாக்காரர்களோடு உட்கார்ந்து, மினசோட்டாவைப் பற்றிப் பேசி, பீர் குடித்துவிட்டு, உலகம் பார்த்தவனாகத் திரும்பினான். நடுவில் துன்ஜாயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பக்கத்துக் கண்டம்வரை வந்துவிட்டாயே, எந்தத் தேதி என்று அம்மா கேட்கிறாள், வாத்து உப்பில் இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

‘இந்தத் தடவை கொஞ்சம் நெருக்கடி. ஒரு நாள் கண்டிப்பா வர்றேன்’ என்று பதில் போட்டான் கோரி. அதற்கு மறு கடிதம் இல்லை.

அப்புறம் பட்டம், டிம்பர்பே, வின்னிபெக். டுவேன் காலமானார். கோரி ஒரு கல்யாணம் செய்துகொண்டு, அதை யாரும் குரல் உயர்த்தாமலே முடித்துக்கொண்டான். ‘வேற மாதிரி ஆயிடுச்சு’ என்றாள் மார்லிஸ். ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. ஆபீஸில் காபி குடிக்கும்போது, ஆள் யாரும் இல்லையென்றால், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் வைத்துக்கொள்வான்.

டெனிஸ் பெட்ரசெலி விற்பனைத் தலைவராக வந்தபோது முதலில் கண்டுபிடித்தது இதைத்தான். நியூ ஜெர்சிக்காரி, முப்பது வயது சொச்சம். கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வருகிற ஜாதி.

“என்ன கோரி, பல்லுல ஐஸ் கட்டியா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து, வின்னிபெக்கை வெளிநாடு என்று இந்தக் கம்பெனியில் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று விசாரித்தாள். வருஷக் கடைசிக்குள் கடல் தாண்டி ஒரு வாடிக்கையாளராவது வராவிட்டால் சர்வதேசப் பிரிவு என்று ஒன்று இருக்காது என்றாள். நியூ ஜெர்சியில் இதற்கு நட்பு என்று பெயர். பிறகு கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். உறைந்த ஏரி. குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகள். கோடரியால் பனிக்கட்டியை வெட்டி மீன் பிடிக்கிறவர்கள், அதைச் சுற்றிப் படம் எடுக்கிற பயணிகள்.

“கிழக்குத் துருக்கியாம். கோடரி வச்சு வெட்டுறாங்க. நம்ம எந்திரத்தை இவங்களுக்கு யாரு விக்கிறது?”

கோரி அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து, அத்தனை வருஷ வேலையில் ஒரு நாளும் வராத வாக்கியம் வந்தது.

“அங்க எனக்கு ஒருத்தரத் தெரியும்.”

தேடினால் உடனே கிடைத்தான். துன்ஜாய்க்கு ஏரிக்கரையில் இரண்டு விடுதிகள், குளிர்கால விளையாட்டுச் சாமான் கடைகள். கோரி எழுதினான், மறுநாளே பதில் வந்தது. வாரக் கடைசியில் காணொளியில் பேசலாம் என்று ஏற்பாடாயிற்று. டெனிஸ் கேமராவில் படாமல் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் வந்தவனுக்குப் புருவம் மட்டும் பழையது. தலை நரைத்திருந்தது. கையில் தேநீர்க் கோப்பை. கோரி சர்க்கரைக் கட்டியை எடுத்துப் பல்லில் வைத்து, காபியை உறிஞ்சிக் காட்டினான். துன்ஜாய் விழுந்து விழுந்து சிரித்தான், பழைய சுவர் தட்டும் சிரிப்பு. அம்மா நலமா என்று கேட்டான். என் அம்மா போய்விட்டாள், கடைசி வரை நீ வந்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். கோரி வருத்தம் சொன்னான். பிறகு எந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எடை, பல்லின் கூர்மை, பேட்டரி. துன்ஜாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

“நல்ல எந்திரம்,” என்றான். “போன குளிர்காலத்துல ஃபின்லாந்திலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. நான் கூப்பிடக்கூட இல்ல. வந்து தங்கினாங்க, வாத்துக் கறி தின்னாங்க, ஏரியில விழுந்தும் எந்திரிச்சாங்க. அவங்க எந்திரத்ததான் இப்ப வச்சிருக்கேன்.”

“எங்களோடதையும் ஒரு தடவை போட்டுப் பாக்கலாமே,” என்றான் கோரி.

“பாக்கலாம். ஏன் பாக்கக்கூடாது.”

“ஜனவரியில நானே கொண்டு வரட்டுமா?”

“ஜனவரி நல்லாத்தான் இருக்கும்,” என்றான் துன்ஜாய்.

இரண்டு தடவை ஆயிற்று. கோரி விடவில்லை. மூன்றாவதாகக் கேட்டான்.

“அப்போ… எந்தத் தேதி?”

துன்ஜாய் புன்னகைத்தான். நல்ல, இதமான புன்னகை. ஆல்ம்ஸ்டெட்டில் ஒரு வருஷம் முழுக்க அதைப் பார்த்திருப்பான், தேவாலய வாசலில், கடைத்தெருவில், கார் ஜன்னல்களில்.

“ஒரு நாள் கண்டிப்பா வா, கோரி,” என்றான்.

திரை அணைந்ததும் டெனிஸ் மேஜையைத் தட்டினாள். வரச் சொல்லிவிட்டான், டிக்கெட் எடு என்றாள்.

“இல்ல. வேண்டாம்னு சொல்லிட்டான்.”

“எப்ப சொன்னான்? நானும் இங்கதானே இருந்தேன். ‘கண்டிப்பா’ன்னு சொன்னானே.”

“அதான் வேண்டாம்ங்கிறது,” என்றான் கோரி. “ரொம்ப நல்லாச் சொன்னான். எங்க ஊர்க்காரனே இவ்வளவு சுத்தமா சொல்ல மாட்டான்.”

டெனிஸ் அவனை, நோயாளியைப் பார்க்கிற மருத்துவரைப் போலப் பார்த்தாள். கூப்பிடாவிட்டால் என்ன, ஃபின்லாந்துக்காரன் மாதிரி போய் இறங்கேன் என்றாள். சரியான யோசனைதான். அதற்கு ஃபின்லாந்தில் பிறந்திருக்க வேண்டும். கோரி போகவில்லை.

வருஷம் முடிவதற்கு முன்பே சர்வதேசப் பிரிவை எடுத்துவிட்டார்கள். கோரிக்குப் புது கார்டு வந்தது, ‘மண்டல விற்பனை மேலாளர்’ என்று. வின்னிபெக் அவனிடமே இருந்தது. அது மட்டும் வெளிநாடாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. உலக உருண்டை இருந்த இடத்தில் ஒரு பைன் மரம் போட்டிருந்தார்கள்.

விற்பதற்கு எதுவும் இல்லை என்றான பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மதியம், சமையலறை மேஜையில் உட்கார்ந்து துன்ஜாய்க்குச் செய்தி அடித்தான். ‘இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ எங்க வீட்டுக்கு வா. வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. எந்த விமானம் என்று சொல், விமான நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன். அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.’ இதுவரைக்கும் நன்றாக இருந்தது. பிறகு அவன் விரல்கள் தாமாகவே இன்னொரு வரி சேர்த்தன: ‘சௌகரியப்பட்டால் மட்டும். சிரமம் என்றால் பரவாயில்லை.’

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது இருந்தால் மேலே உள்ளது எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதை அழிப்பது அவனுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. துணி இல்லாமல் தெருவுக்குப் போகிற மாதிரி இருந்தது. அழித்தான். அனுப்பினான்.

பதிலாக ஒரு படம் வந்தது. ஓரத்தில் உறைய ஆரம்பித்திருந்த ஏரி. வார்த்தை ஒன்றும் இல்லை. கோரி அதை எப்படியெல்லாமோ படித்துப் பார்த்தான். நான்கு வருஷப் படிப்பில் அதற்கு அட்டவணை இல்லை.

வியாழக்கிழமை வந்தது. வரும் விமானங்களையெல்லாம் காலையிலிருந்து கைபேசியில் பார்த்துவிட்டு, பார்க்காதது போல வான்கோழியை அடுப்பில் வைத்தான். மார்லிஸ் உருளைக்கிழங்கு மசித்தாள். எண்பதைத் தொடப்போகிறவள், இன்னும் யாரையும் கரண்டியைத் தொட விட மாட்டாள். மேஜையில் மூன்று தட்டுகள் இருப்பதை அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மணி தாண்டிற்று. கோரி ஜன்னலோரம் நின்றான். குழம்பு ஆடை கட்டியது. மார்லிஸ் அதை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். மறுபடியும் ஆடை கட்டியது.

“யாராச்சும் வராங்களா?” என்று கடைசியில் கேட்டாள்.

கோரி சொன்னான். துருக்கிக்காரன், காலேஜில் கூடப் படித்தவன் என்று ஆரம்பித்தான்.

“தேன் குடுத்த பையனா?”

“உனக்கு ஞாபகம் இருக்கா?”

“அவனுக்காக அந்த வருஷம் சோபாவுல படுக்க விரிச்சு வச்சிருந்தேனே,” என்றாள் மார்லிஸ். “பன்னிக்கறி போடாம ஒரு தட்டு ஹாட்டிஷ் தனியா அடுப்புல வேகவச்சேன். பக்கத்து வீட்ல நாற்காலி வாங்கினேன். நீ தனியா வந்து இறங்கின.”

கோரி ஜன்னலை விட்டு வந்தான்.

“வேற மாதிரி இருக்கும்னு சொன்னியேம்மா.”

“ஆமா. வேற மாதிரிதானே இருந்திருக்கும். எத்தனை வருஷம் அதே சித்தப்பா மூஞ்சியப் பாக்கிறது?” அவள் குழம்பின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள். “நம்ம சாப்பாடு அவனுக்குப் பிடிக்காது போலன்னு நினைச்சுக்கிட்டேன். உன்னைக் கேட்டா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேக்கல.”

இருவரும் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். வெளியே சாலையில் எந்தக் காரும் வேகத்தைக் குறைக்கவில்லை. மார்லிஸ் சின்னப் பூசணிப் பையை மூன்று துண்டாக வெட்டினாள். அவள் ஒரு துண்டு, அவன் ஒரு துண்டு. கோரிக்கு இன்னும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றான். மறுபடி கேட்டாள், வேண்டாம் என்றான். மூன்றாம் தடவை கேட்டாள்.

“அது அவனுக்கு,” என்றான்.

மார்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். இருட்டத் தொடங்கியபோது தட்டுகளைக் கழுவினார்கள், அவள் கழுவ அவன் துடைத்தான். மேஜையில் அந்தத் துண்டு மட்டும் இருந்தது. பாதியாக்காமல், முழுசாக.